கொத்துத் தலைவலி: அறிவோம், அடக்குவோம்

தலைவலி வந்தால் தைலம் தடவுவதும், ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு விளக்கை அணைத்துப் படுத்துக்கொள்வதும் நம் இல்லங்களில் வழக்கம். பெரும்பாலான தலைவலிகள் அந்த அளவிலேயே தணிந்துவிடுகின்றன. ஆனால் படுக்கவே விடாத தலைவலி ஒன்று உண்டு. நள்ளிரவில் உறக்கத்தைக் கலைத்து, ஒரு கண்ணின் பின்னால் குடைந்து, நோயாளியை அறைக்குள் அங்குமிங்கும் நடக்கவைத்து, ஒரு மணி நேரத்தில் வந்த சுவடே இல்லாமல் போய்விடும். மறுநாள் அதே நேரத்திற்கு மீண்டும் வரும். இதனைக் கொத்துத் தலைவலி என்கிறோம். கிளஸ்டர் தலைவலி என்ற பெயரும் வழக்கில் உள்ளது.

ஏறத்தாழ ஆயிரம் பேரில் ஒருவருக்கு இந்நோய் வருகிறது. எங்கள் நரம்பியல் புறநோயாளிகள் பிரிவுக்கு இந்நோயுடன் வருவோரில் பலர், சரியான பெயர் தெரியாமலேயே பல ஆண்டுகள் துன்புற்ற பின்னரே வந்து சேர்கின்றனர். மனிதர் அனுபவிக்கும் மிகக் கடுமையான வலிகளுள் ஒன்று இது. அதே வேளையில், முறையாகக் கண்டறிந்தால் பெரும்பாலோருக்குக் கால்மணி நேரத்தில் தணிக்கக்கூடிய வலியும் இதுவே. இவ்விரு உண்மைகளுக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொத்து என்பது ஏன்?

இத்தலைவலி ஆண்டு முழுவதும் சிதறி வருவதில்லை. சில வாரங்கள் நாள்தோறும் வரும், பின்னர் பல மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ அறவே வராது. வலி வரும் இக்காலத்தைக் கொத்துக்காலம் என்றும், வலியற்ற காலத்தை ஓய்வுக்காலம் என்றும் குறிப்பிடுவோம். பெரும்பாலோருக்குக் கொத்துக்காலம் இரண்டு வாரம் முதல் மூன்று மாதம் வரை நீடிக்கிறது. சிலருக்கு ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய அதே பருவத்தில் தொடங்குகிறது.

ஓய்வுக்காலம் மூன்று மாதமோ அதற்கு மேலோ இருந்தால் அது இடைவிட்டு வரும் வகை. ஓராண்டு அல்லது அதற்கும் மேலாக, மூன்று மாத ஓய்வுகூடக் கிடைக்காமல் வலி தொடர்ந்தால் அது நாட்பட்ட வகை. நோயாளிகளில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு இவ்விரண்டாம் வகை உள்ளது. இந்த வேறுபாட்டைப் பொறுத்தே சிகிச்சைத் திட்டமும் அமைகிறது.

அறிகுறிகள்

வலி எப்போதும் ஒரு பக்கத்திலேயே இருக்கும். கண்ணிலோ கண்ணின் பின்புறத்திலோ புருவத்தின் மேலோ பொட்டிலோ அது மையம் கொள்ளும். பழுக்கக் காய்ச்சிய கம்பியைக் கண்ணுக்குள் செலுத்துவது போல் உள்ளது என நோயாளிகள் கூறக் கேட்கிறோம். சிகிச்சை அளிக்காவிட்டால் ஒருமுறை வரும் வலி 15 நிமிடம் முதல் மூன்று மணி நேரம் வரை நீடிக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை என்பது தொடங்கி, ஒரே நாளில் எட்டு முறை வரையிலும் வரக்கூடும்.

வலியுள்ள அதே பக்கத்தில் பின்வருவனவற்றுள் ஒன்றோ பலவோ தோன்றும்:

• கண் சிவத்தல், கண்ணீர் வடிதல்
• மூக்கடைப்பு அல்லது மூக்கு ஒழுகுதல்
• இமை வீங்குதல் அல்லது தொங்குதல்
• கருவிழியின் நடுவிலுள்ள பாவை சுருங்குதல்
• நெற்றியும் முகமும் வியர்த்தல்

இவற்றோடு அமைதியின்மையும் முக்கியமான அடையாளமாகும். நோயாளியால் ஓரிடத்தில் இருக்க முடியாது. எழுந்து நடப்பார், முன்னும் பின்னும் ஆடுவார், தலையைச் சுவரில் மோதவும் செய்வார். உறங்கிய ஓரிரு மணி நேரத்தில் வலி எழுப்பிவிடுவதும், கடிகாரம் வைத்தாற்போல் குறித்த நேரத்தில் வருவதும் இந்நோயின் தனித்தன்மைகள்.

பெண்களைவிட ஆண்களுக்கு இது அதிகம் வருகிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. எனினும் பெண்களுக்கு வராது என எண்ணிவிடலாகாது. அவ்வாறு எண்ணுவதனாலேயே பெண்களுக்கு நோய் கண்டறியப்படுவது மேலும் தாமதமாகிறது.

ஏன் வருகிறது?

முகத்தின் உணர்ச்சிகளை மூளைக்கு எடுத்துச் செல்வது டிரைஜெமினல் எனப்படும் முக்கிளை நரம்பு. வலியின்போது இந்நரம்பு தூண்டப்படுகிறது. அதனோடு இணைந்துள்ள தானியங்கி நரம்புகளும் தூண்டப்படுவதால் கண்ணீரும் மூக்கொழுகலும் தோன்றுகின்றன. இத்தனைக்கும் நேரம் குறித்துக் கொடுப்பது மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸ் என்று கருதப்படுகிறது. உறக்கம், விழிப்பு, உடல் வெப்பம் ஆகியவற்றை நாள்தோறும் முறைப்படுத்தும் உடற்கடிகாரம் அங்கேதான் உள்ளது. 1998ஆம் ஆண்டு வெளியான பெட் ஸ்கேன் ஆய்வொன்று, வலி நிகழும் வேளையில் ஹைபோதலாமஸின் பின்பகுதி கூடுதலாகச் செயல்படுவதைக் காட்டியது. நள்ளிரவில் தவறாமல் வரும் வலிக்கும் பருவந்தோறும் திரும்பும் கொத்துக்காலத்திற்கும் இதுவே பொருத்தமான விளக்கமாக உள்ளது.

ஆகவே இது மனப்பிரமையன்று, பலவீனமுமன்று. நோயாளி செய்த பிழையால் வந்ததுமன்று. மூளையின் ஒரு குறிப்பிட்ட பகுதியோடு தொடர்புடைய நரம்பியல் நோய்.

எதனோடு குழப்பிக்கொள்கிறோம்?

கண் சிவப்பதால் கண் மருத்துவரையும், மூக்கு ஒழுகுவதால் காது மூக்கு தொண்டை மருத்துவரையும், மேல்தாடை வரை வலி பரவுவதால் பல் மருத்துவரையும் நோயாளிகள் நாடுகின்றனர். சைனஸ் எனக் கருதி மாதக்கணக்கில் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை உட்கொண்டவர்களும், நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்களும் உண்டு. கொத்துக்காலம் தானாகவே முடிந்துவிடுவதால், அந்நேரத்தில் எடுத்துக்கொண்ட மருந்தே குணமாக்கியது என்ற எண்ணமும் உருவாகிவிடுகிறது. அடுத்த கொத்துக்காலம் வரும்போதுதான் ஐயம் பிறக்கிறது.

மிகுதியாகக் குழப்பம் நேர்வது மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலியுடன். இவ்விரண்டையும் பிரித்தறிய மூன்று கேள்விகள் உதவும்.

முதலாவது, வலி எவ்வளவு நேரம் நீடிக்கிறது? பெரியவர்களுக்கு மைக்ரேன் பொதுவாக நான்கு மணி நேரத்திற்குக் குறையாமல், மூன்று நாள் வரையிலும் நீடிக்கும். கொத்துத் தலைவலி மூன்று மணி நேரத்திற்குள் முடிந்துவிடும்.

இரண்டாவது, வலியின்போது நோயாளி என்ன செய்கிறார்? மைக்ரேன் உள்ளவர் இருட்டறையில் அசையாமல் படுத்திருப்பார். கொத்துத் தலைவலி உள்ளவரால் படுக்க இயலாது.

மூன்றாவது, எத்தனை முறை வருகிறது? ஒரே நாளில் இரண்டு மூன்று முறை வந்து, இடையில் முற்றிலும் தெளிந்துவிடுவது மைக்ரேனுக்கு இயல்பன்று.

கொத்துத் தலைவலியை ஒத்த மற்றொரு நோயும் உண்டு. அதில் வலி 2 முதல் 30 நிமிடமே நீடிக்கும், நாளுக்கு ஐந்து முறைக்கு மேலும் வரும். பராக்ஸிஸ்மல் ஹெமிக்ரேனியா எனப்படும் அந்நோய் இன்டோமெதசின் என்ற மருந்துக்கு முழுமையாகக் கட்டுப்படும். ஒவ்வொரு வலியும் எத்தனை நிமிடம் நீடித்தது என்பதை மருத்துவர் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு இதுவே காரணம்.

என்ன பரிசோதனை தேவை?

கொத்துத் தலைவலியை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. நோயாளி கூறும் விவரமே நோயறிதலுக்கு அடிப்படை. ஆயினும் முதன்முறை கண்டறியும்போது மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பது நல்லது. பிட்யூட்டரி சுரப்பியில் தோன்றும் கட்டியோ, கழுத்து இரத்தக்குழாயின் சுவரில் ஏற்படும் கிழிவோ அரிதாக இதே போன்ற வலியைத் தோற்றுவிக்கக்கூடும். அறிக்கையில் குறை ஒன்றுமில்லை என வந்தால், ஒரு நோயும் இல்லை என்று குடும்பத்தினர் முடிவு செய்துவிடக் கூடாது. கொத்துத் தலைவலியில் எம்.ஆர்.ஐ. இயல்பாக இருப்பதே வழக்கம்.

வலி வரும்போது கைப்பேசியில் ஒரு நிமிடக் காட்சி எடுத்து வருமாறு நாங்கள் கேட்டுக்கொள்வதுண்டு. நோயாளியின் ஒப்புதலோடு எடுக்கப்படும் அக்காட்சியில் சிவந்த கண்ணும் தொங்கிய இமையும் பதிவாகிவிட்டால், பல நாள் ஐயம் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது.

சிகிச்சையின் மூன்று படிகள்

இந்நோய்க்கு ஒரே மருந்தை நம்பிச் சிகிச்சை செய்வதில்லை. வந்த வலியை நிறுத்துவது முதற்படி. தடுப்பு மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை இடைக்காலப் பாதுகாப்பு அளிப்பது இரண்டாம் படி. கொத்துக்காலம் முடியும்வரை வலி வராமல் தடுப்பது மூன்றாம் படி. பெரும்பாலோருக்கு மூன்றையும் ஒரே சமயத்தில் தொடங்குகிறோம்.

முதற்படி: வந்த வலியை நிறுத்துதல்

வலி உச்சத்தை எட்டச் சில நிமிடங்களே ஆகின்றன. வயிற்றில் கரைந்து இரத்தத்தில் கலக்க அரை மணி நேரத்திற்கு மேல் எடுத்துக்கொள்ளும் மாத்திரையால் இதனை எட்டிப்பிடிக்க இயலாது. பாராசிட்டமால் போன்ற வழக்கமான வலி மாத்திரைகள் பயன் தராததற்கு இது ஒரு காரணம். அவற்றை மேலும் மேலும் உட்கொள்வதால் வயிறும் சிறுநீரகமும் கெடுவதே மிச்சம்.

ஆக்சிஜன்: தூய ஆக்சிஜனைச் சுவாசிப்பது மிகச் சிறந்த முதல் சிகிச்சை. 2009ஆம் ஆண்டு வெளியான பிரித்தானிய ஆய்வில், நிமிடத்திற்கு 12 லிட்டர் வீதம் 15 நிமிடம் ஆக்சிஜன் சுவாசித்தபோது 78 விழுக்காட்டு வலிகள் முற்றிலும் நீங்கின அல்லது போதுமான அளவு தணிந்தன. சாதாரணக் காற்றைச் சுவாசித்தபோது 20 விழுக்காடே அவ்வாறு தணிந்தன.

ஆக்சிஜனால் பயனில்லை எனக் கூறுவோரை விசாரித்தால், கொடுத்த முறையில் குறை இருந்ததைப் பலமுறை காண்கிறோம். ஆகவே முறையைத் தெளிவாகக் கூறுகிறோம்:

• மூக்கில் செருகும் சிறு குழாய் போதாது. பை பொருத்திய, நான்-ரீபிரீதர் எனப்படும் முகமூடியே தேவை. அது முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும்.
• அளவு நிமிடத்திற்கு 12 முதல் 15 லிட்டர் வரை இருக்க வேண்டும்.
• வலி தொடங்கியவுடன் ஆரம்பிக்க வேண்டும். உச்சம் எட்டும்வரை காத்திருக்கலாகாது.
• அமர்ந்து சற்று முன்சாய்ந்தவாறு 15 முதல் 20 நிமிடம் சுவாசிக்க வேண்டும். வலி குறைந்துவிட்டது என்று நடுவில் நிறுத்த வேண்டாம்.

வீட்டில் பயன்படுத்தும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் கருவிகளுள் பெரும்பாலானவை இந்த அளவைத் தர இயலாதவை. எனவே சிலிண்டரே ஏற்றது. 'பி' வகைச் சிறிய சிலிண்டரில் சுமார் 1500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். ஒருமுறைக்கு 12 லிட்டர் வீதம் 15 நிமிடம் எனில் 180 லிட்டர் செலவாகும். ஆக எட்டு முறைக்கு ஒரு சிலிண்டர் வரும். நாளுக்கு மூன்று முறை வலி வருபவருக்கு அது மூன்று நாள்கூட வராது. சுமார் 7000 லிட்டர் கொள்ளும் 'டி' வகைப் பெரிய சிலிண்டர் ஏறக்குறைய 38 முறைக்கு வரும். கொத்துக்காலம் தொடங்கியதுமே இக்கணக்கைப் போட்டு ஏற்பாடு செய்துகொள்வது நன்று.

சிலிண்டர் உள்ள அறையில் புகைபிடித்தல், ஊதுபத்தி, பூசை விளக்கு, அடுப்பு எதுவும் கூடாது. வால்வில் எண்ணெயோ கிரீசோ படக்கூடாது. தைலம் தடவிய கையால் அதைத் திருகவும் கூடாது. சிலிண்டரை நிமிர்த்தி, சாயாதவாறு சங்கிலியால் கட்டிவைக்க வேண்டும். நெடுங்காலம் புகைபிடித்ததால் நுரையீரல் நோய் உள்ளவர்கள் நுரையீரல் பரிசோதனைக்குப் பின்னரே இச்சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.

சுமட்ரிப்டான்: தோலுக்கடியில் செலுத்தும் 6 மி.கி. ஊசி விரைந்து வேலை செய்யும் மருந்து. 1991ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், ஊசி போட்ட 15 நிமிடத்திற்குள் 74 விழுக்காட்டு வலிகள் தணிந்தன. போலி மருந்தில் இது 26 விழுக்காடு. இன்சுலின் ஊசி போலவே இதனையும் நோயாளியே போட்டுக்கொள்ளப் பழகலாம். ஊசிக்கு அஞ்சுபவர்களுக்குச் சுமட்ரிப்டான் அல்லது சோல்மிட்ரிப்டான் மூக்குத் தெளிப்பான் பயன்படும். அது சற்றுத் தாமதமாக வேலை செய்யும்.

இருபத்து நான்கு மணி நேரத்தில் இரண்டு ஊசிகளுக்கு மேல் கூடாது. மாரடைப்பு, நெஞ்சுவலி, பக்கவாதம் வந்தவர்களுக்கும், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் இது ஆகாது. எர்கோட்டமைன் சேர்ந்த தலைவலி மாத்திரை உட்கொண்ட 24 மணி நேரத்திற்குள் இதனைப் போடக்கூடாது. அம்மாத்திரை நம் மருந்துக்கடைகளில் பரவலாக விற்கப்படுவதால், உட்கொண்டதன் அட்டையைத் தவறாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டாம் படி: இடைக்காலப் பாதுகாப்பு

தடுப்பு மருந்து முழுப் பயன் தர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அதுவரை நோயாளி நாள்தோறும் துன்புறுவதைக் குறைக்க ஸ்டீராய்டு மாத்திரைகளைக் குறுகிய காலத்திற்குத் தருகிறோம். 2021ஆம் ஆண்டு வெளியான செருமானிய ஆய்வில், ஐந்து நாள் 100 மி.கி. பிரெட்னிசோன் கொடுத்து, பின்னர் மூன்று நாளுக்கு ஒருமுறை 20 மி.கி. வீதம் குறைத்தனர். முதல் வாரத்தில் வலியின் எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது.

ஸ்டீராய்டு விரைவில் நிம்மதி தருவதால் அதில் ஓர் ஆபத்தும் அடங்கியுள்ளது. பழைய சீட்டைக் காட்டி ஒவ்வொரு கொத்துக்காலத்திலும் தாமாகவே வாங்கி உண்பவர்கள் உண்டு. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், எலும்புத் தேய்மானம், கண்புரை, இடுப்பு எலும்பின் மூட்டுச் சேதம் ஆகியவை அவ்வாறு வந்து சேரும். மருத்துவர் குறித்த நாள்களுக்கு மட்டும் உண்பதும், குறித்தபடி படிப்படியாகக் குறைப்பதும் கட்டாயம்.

சர்க்கரை நோய் காரணமாக மாத்திரை ஒவ்வாதவர்களுக்கு, வலியுள்ள பக்கத்தில் பிடரி நரம்பைச் சுற்றிச் சிறு அளவு ஸ்டீராய்டும் மரத்துப்போகும் மருந்தும் கலந்து ஊசியாகச் செலுத்தலாம். புறநோயாளிகள் பிரிவிலேயே சில நிமிடங்களில் இது முடிந்துவிடும். அவர்களும் அடுத்த சில நாள்களுக்குச் சர்க்கரை அளவைக் கவனித்து வர வேண்டும்.

மூன்றாம் படி: தடுத்தல்

வெராபமில் என்பது முதன்மையான தடுப்பு மருந்து. இதய நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மருந்தாயிற்றே, தலைவலிக்கு எதற்கு என்று பலரும் கேட்கின்றனர். கொத்துத் தலைவலியில் நீண்டகாலப் பயன்பாட்டில் நற்பலன் கண்ட மருந்து அது. பொதுவாக 80 மி.கி. வீதம் மூன்று வேளையில் தொடங்கி, சுமார் இரண்டு வாரத்திற்கு ஒருமுறை அளவைக் கூட்டுகிறோம். இரத்த அழுத்தத்திற்குத் தரும் அளவைவிட இங்குத் தேவைப்படும் அளவு பெரும்பாலும் அதிகம்.

இம்மருந்து இதயத்தின் மின்னோட்டத்தைத் தாமதப்படுத்தக்கூடும். அதனால் தொடங்குமுன்பும், ஒவ்வொரு முறை அளவைக் கூட்டிய பத்துப் பதினான்கு நாள்களிலும் இ.சி.ஜி. எடுப்பது இன்றியமையாதது. உடலில் ஒரு குறையும் தெரியவில்லையே என்று இதனைத் தவிர்க்காதீர்கள். மலச்சிக்கலும் கணுக்கால் வீக்கமும் தோன்றலாம். கீரையும் பழமும் நீரும் மிகுதியாகச் சேர்த்துக்கொண்டால் மலச்சிக்கல் குறையும். மயக்கமோ நாடித்துடிப்பு மிகக் குறைவதோ ஏற்பட்டால் உடனே வர வேண்டும். பீட்டா தடுப்பான் வகை மாத்திரை உட்கொள்பவர்கள் முன்னதாகவே தெரிவிக்க வேண்டும்.

வெராபமில் போதாதபோது லித்தியம், டோபிரமேட், மெலடோனின் ஆகியவற்றைப் பரிசீலிக்கிறோம். லித்தியம் உட்கொள்பவர்களுக்கு இரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகத்தையும், தைராய்டையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். கோடைக்காலத்தில் நீர் வற்றுவதும், கடையில் வலி மாத்திரை வாங்கி உண்பதும் லித்தியத்தை நஞ்சாக்கிவிடும். கர்ப்பம் தரிக்க எண்ணும் பெண்கள் எந்தத் தடுப்பு மருந்தையும் தொடங்குமுன் அதனைத் தெரிவிக்க வேண்டும். கர்ப்பகாலத்தில் வலியை நிறுத்த ஆக்சிஜனே முதல் தேர்வு.

கொத்துக்காலம் முடிந்து வலியற்ற நாள்கள் தொடர்ந்ததும், தடுப்பு மருந்தை மெல்லக் குறைத்து நிறுத்துகிறோம். வாழ்நாள் முழுவதும் மருந்தா என்ற அச்சம் இடைவிட்டு வரும் வகையினருக்குத் தேவையில்லை.

புதிய வழிகளும் உள்ளன. வலியின்போது வெளிப்படும் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத்தைத் தடுக்கும் கால்கனெசுமாப் ஊசிக்கு, இடைவிட்டு வரும் வகையினருக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019ஆம் ஆண்டு ஒப்புதல் அளித்தது. கழுத்தில் வைத்து வேகஸ் நரம்பைத் தூண்டும் கையடக்கக் கருவியும் சில நாடுகளில் பயன்பாட்டில் உள்ளது. எல்லா மருந்துகளும் கைவிட்ட சிலருக்கு, பிடரி நரம்பைத் தூண்டும் கருவியை அறுவைச் சிகிச்சையால் பொருத்துவதும் உண்டு. ஆக, முதலில் தந்த மருந்து பயனளிக்கவில்லை எனில் வழி முடிந்துவிட்டதாக எண்ண வேண்டியதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு

விளக்கத்திற்காக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் 34 வயதான லாரி ஓட்டுநர். மூன்று ஆண்டுகளாக ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இரவு ஒரு மணிக்கு வலக்கண்ணில் வலி வருகிறது. சைனஸ் என்று மருந்து உண்கிறார். வலி தாங்காமல் எழுந்து நடப்பதைக் கண்டு, குடித்துவிட்டு வந்தாரோ என்று வீட்டார் ஐயுறுகின்றனர்.

அவருக்கு நாங்கள் செய்வது என்ன? விவரத்தைக் கேட்டு நோயை உறுதிசெய்கிறோம். எம்.ஆர்.ஐ.யும் இ.சி.ஜி.யும் எடுக்கிறோம். வெராபமில்லையும் குறுகிய காலத்திற்கு ஸ்டீராய்டையும் ஒரே நாளில் தொடங்குகிறோம். வீட்டிற்கு ஆக்சிஜன் சிலிண்டரும், வழிப்பயணத்திற்குச் சுமட்ரிப்டான் ஊசியும் எழுதித் தருகிறோம். வண்டி ஓட்டும்போது வலி தொடங்கினால் உடனே ஓரம் கட்டிவிட வேண்டும் என்றும், இயன்றால் கொத்துக்காலம் அடங்கும்வரை இரவு ஓட்டத்தைத் தவிர்க்க வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறோம். பணியிடத்தில் காட்டச் சான்றிதழும் தருகிறோம். அடுத்த ஆண்டு புரட்டாசி இறுதியிலேயே வந்து பார்க்கும்படி நாள் குறித்துக் கொடுக்கிறோம். இவற்றுள் எதுவும் அரிய சிகிச்சையன்று. நோயின் பெயர் தெரிந்திருந்தால் முதல் ஆண்டிலேயே செய்திருக்கக் கூடியவை.

தவிர்க்க வேண்டியவை

கொத்துக்காலத்தில் மது சிறிதளவே அருந்தினாலும் ஒரு மணி நேரத்திற்குள் வலியைத் தூண்டிவிடக்கூடும். ஓய்வுக்காலத்தில் அதே மது வலியைத் தூண்டாது. ஆகவே கொத்துக்காலம் முழுவதும் மதுவை அறவே விலக்க வேண்டும். பெயின்ட், பெட்ரோல், தின்னர் போன்றவற்றின் நெடியும், சிலருக்குப் பகலுறக்கமும் வலியைத் தூண்டலாம்.

நெஞ்சுவலிக்கு நாவின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையும் வலியைத் தூண்டக்கூடும். ஆனால் இதய மருந்தைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மருத்துவரிடம் தெரிவித்து அவர் சொற்படி நடக்க வேண்டும்.

இந்நோயாளிகளுள் புகைபிடிப்போர் அதிகம். புகையை விட்டால் தலைவலி நின்றுவிடும் என்று உறுதியளிக்க எங்களால் இயலாது. எனினும் இதயம் நலமாக இருந்தால்தான் சுமட்ரிப்டானையும் வெராபமில்லையும் அச்சமின்றித் தர இயலும். அந்த வழி அடைபடாமல் இருப்பதற்காகவேனும் புகையை விட்டொழியுங்கள்.

தலைவலிக் குறிப்பேடு

ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு வலிக்கும் ஐந்து விவரங்களை எழுதுங்கள்: தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பத்துக்கு எத்தனை என்ற வலியின் கடுமை, எடுத்துக்கொண்ட சிகிச்சையும் அதன் பலனும். வலியின்போது நோயாளியால் எழுத இயலாது. உடனிருப்பவர் எழுதலாம். மருந்தின் அளவைக் கூட்டுவதா, குறைப்பதா, மாற்றுவதா என்பதை இக்குறிப்பேட்டைப் பார்த்தே முடிவு செய்கிறோம்.

குடும்பத்தினருக்கு

வலியின்போது நோயாளியைப் படுக்குமாறு வற்புறுத்தாதீர்கள். அவர் நடக்கட்டும். தலையில் அடிபடாதவாறு பார்த்துக்கொண்டு, முகமூடியையும் ஊசியையும் எடுத்துக் கொடுங்கள், நேரத்தைக் குறியுங்கள். அந்நேரத்தில் கேள்விகளைத் தவிர்த்தல் நலம். கோபமாக ஏதேனும் கூறினாலும் அது வலியின் குரல் என்று விட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கு, அப்பாவுக்கு வரும் வலி சிறிது நேரத்தில் போய்விடும் என்று பகல் வேளையில் எளிமையாக விளக்கிச் சொல்லுங்கள். பேய் பிடித்தது, நடிக்கிறார், குடித்துவிட்டார் என்ற சொற்கள் வலியைக் காட்டிலும் நெடுநாள் உறுத்தும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகக் கூற வேண்டும். இந்த வலி சிலரை உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை தள்ளுகிறது. இரவு வரப்போகிறதே என்ற அச்சத்தில் உறங்க மறுப்பது, இனி முடியாது என்று அடிக்கடி சொல்வது, எல்லோரிடமும் பேச்சைக் குறைத்துக்கொள்வது ஆகியவற்றைக் கண்டால் தனியே விடாதீர்கள். அத்தகைய எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் வளராது, சுமைதான் குறையும். நடுவண் அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416க்கு எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். எங்கள் அவசரச் சிகிச்சைப் பிரிவிற்கும் நேரே அழைத்து வரலாம்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய நிலைகள்

• வாழ்வில் இதுவரை கண்டிராத வலி நொடிப்பொழுதில் உச்சத்தை எட்டுதல்
• காய்ச்சல், கழுத்து விறைப்பு, குழப்பம், வலிப்பு
• கை கால் தளர்தல், பேச்சுக் குழறுதல், பார்வை இரட்டையாதல்
• கழுத்து வலியுடன் ஒரு பக்க இமை தொங்கி, வலி நின்ற பிறகும் அவ்வாறே இருத்தல்
• கண் சிவந்து, பார்வை மங்கி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிதல். இது கண் அழுத்த நோயாக இருக்கலாம்
• ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாகக் கடும் தலைவலி தோன்றுதல்
• வழக்கமான வலியின் இயல்பு திடீரென மாறுதல்

அடுத்த முறை வரும்போது

குறிப்பேடு, பழைய மருந்துச் சீட்டுகள், உட்கொண்ட மாத்திரைகளின் அட்டைகள், முந்தைய இ.சி.ஜி. ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். இரவில் உடனிருந்து கண்டவர் ஒருவர் கூட வருவது மிகவும் பயன்படும். கொத்துக்காலம் தொடங்கும் அறிகுறி தெரிந்தால், ஏற்கெனவே குறித்த நாள்வரை காத்திருக்காமல் உடனே வந்துவிடுங்கள். முதல் வாரத்திலேயே தொடங்கும் சிகிச்சையால் நோயாளியும் வீட்டாரும் இழக்கவிருந்த பல இரவுகளைக் காக்க முடியும்.